மீன்கள் நலம்

அவள் வேலைக்குச் சேர வந்த அன்று நல்ல வெயில். காலை ஒன்பதரை மணி. காவலாளி கேட்டைத் திறந்துவிட்டு, "மீன் டாக்டரா? நேராப் போங்கம்மா, மூக்கே வழி காட்டும்" என்று சொல்லிச் சிரித்தார்.

மூக்கு வழி காட்டத்தான் செய்தது. நகரத்துச் சாக்கடை முழுவதும் அந்த வளாகத்துக்குத்தான் வந்து சேர்ந்தது. வட்டவட்டமான தொட்டிகளில் அதைக் கலக்கி, காற்றூட்டி, வண்டலை இறக்கி, குளோரின் போட்டு, கடைசியில் ஒரு பெரிய குழாய் வழியாக ஆற்றில் விட்டார்கள். முதல் தொட்டியருகே முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டவள் கடைசித் தொட்டிக்கு வந்தபோது கையை எடுத்துவிட்டாள். அங்கே நாற்றம் என்பதே இல்லை. தண்ணீர் அடித்தளம் தெரியும் அளவுக்குத் தெளிந்து கிடந்தது.

"எப்படி இருக்கு பாத்தீங்களா?" என்றார் மேலாளர். தான் சொன்னதற்குத் தானே முதலில் சிரிக்கும் மனிதர். "தாராளமாக் குடிக்கலாம் டாக்டர். நான் குடிக்க மாட்டேன், அது வேற விஷயம்."

அவளுக்கு மூன்று மாத ஒப்பந்தம். அந்தத் தண்ணீரில் வளரும் மீன்களைப் பரிசோதித்து, அவை எப்படி இருக்கின்றன என்று அறிக்கை எழுத வேண்டும். அந்த அறிக்கை இருந்தால்தான் சுத்திகரிப்பு நிலையத்தின் உரிமம் புதுப்பிக்கப்படும். முன்பு இருந்த டாக்டர் இறந்து ஐந்து மாதமாகிவிட்டது. இடம் காலியாகவே கிடந்தது.

அவள் இந்த வேலையைத் தேடி வந்ததற்கு ஒரு காரணம் இருந்தது. இதே ஆற்றில், பஸ்ஸில் மூன்று மணி நேரம் கீழே போனால் அவள் பிறந்த ஊர். அங்கே அவளுடைய அக்கா இன்னமும் மீன் விற்றுக்கொண்டிருந்தாள். அம்மா போன பிறகு தங்கையைப் படிக்க வைத்தது அந்த மீன்கூடைதான். ஆறு மாதமாக அக்கா போன் செய்யும்போதெல்லாம் ஒரே பேச்சு. "மீனுல புண்ணு புண்ணா வருதுடி. என்னன்னு தெரியல."

என்னவென்று உள்ளே போய்ப் பார்த்துவிடலாம் என்று நினைத்துத்தான் வந்தாள்.

மீன் அறை வளாகத்தின் பின்கோடியில் இருந்தது. பழைய கட்டடம். ஜன்னல் கிடையாது, ஒரே கதவு. உள்ளே இரண்டு டியூப்லைட்டுகள். இடதுபக்கச் சுவரோரமாக ஐந்து கண்ணாடித் தொட்டிகளில் சுத்திகரித்த நீர் ஓடிக்கொண்டிருந்தது. ஆறாவதாக ஒன்றில் கிணற்றுநீர், ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக. எதிரே ஒரு மேஜை, ஒரு மர நாற்காலி, மேஜைமேல் தடித்த பதிவேடு. சுவர்கள் எப்போதும் ஈரம் காயாத மாதிரி இருந்தன. துருவும் குளோரினும் கலந்த வாசனை நாக்கின் அடியில் போய் உட்கார்ந்துகொண்டது.

தொட்டிகளைக் கழுவும் அம்மா ஒருத்தி அங்கே இருந்தாள். எல்லாரும் அவளைத் தொட்டியம்மா என்றார்கள். அவளுக்கும் அது பிடித்துத்தான் இருந்தது.

"கைய உள்ள விட்டுப் பாருங்க டாக்டரம்மா" என்றாள் தொட்டியம்மா.

கிணற்றுநீர்த் தொட்டியில் கையை விட்டதுமே மீன்கள் சிதறி மூலைக்கு ஓடின. இயல்புதான். நிழல் விழுந்தாலே ஓடும் ஜாதி அது. அடுத்த தொட்டியில் விட்டாள். ஒன்றுகூட அசையவில்லை. விரலால் ஒன்றைத் தொட்டாள். அது அப்படியே நின்றது. வலையை இறக்கினாள், தானாக வந்து ஏறியது.

"அஞ்சு தொட்டியிலயும் இதே கதைதான். பயமே அத்துப் போச்சு இதுங்களுக்கு" என்றாள் தொட்டியம்மா.

காரணம் அவளுக்குப் புரிந்தது. ஊரில் மன நிம்மதிக்கும் தூக்கத்துக்கும் ஆயிரக்கணக்கானவர்கள் மாத்திரை விழுங்குகிறார்கள். உடம்பில் தங்கியது போக மிச்சம் சிறுநீரில் போகிறது. நிலையம் மலத்தை எடுத்துவிடும், நாற்றத்தை எடுத்துவிடும். மாத்திரையின் மிச்சத்தை எடுக்க அதற்குத் தெரியாது. ஊரே விழுங்கிய நிம்மதியை இந்த மீன்கள் இரவு பகலாகக் குடித்துக்கொண்டிருக்கின்றன.

முதல் வாரத்தில் இருபது மீன்களை அறுத்துப் பார்த்தாள். செவுள்கள் தடித்து வீங்கியிருந்தன. ஈரல் வெளிறிக் குழைந்திருந்தது. வாலோரத்தில் புண். ஒரு ஆண் மீனின் விந்துப்பையை மெல்லியதாகச் சீவி நுண்ணோக்கியில் வைத்தபோது அவள் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். உள்ளே சினைமுட்டைகள். வரிசையாக, உருண்டை உருண்டையாக. அடுத்த ஆண் மீனிலும் இருந்தன. அதற்கடுத்ததிலும்.

இனி இவை பெருகப் போவதில்லை. சாகாமலேயே முடிந்துபோகும் வம்சம்.

அன்று மாலைதான் அது நடந்தது.

கத்திரியைக் கழுவிக்கொண்டிருந்தாள். கதவுக்கு மேலே கடிகாரத்தில் நாலு மணி. முதல் தொட்டியில் தண்ணீர் சளக்கென்றது. திரும்பிப் பார்த்தாள். மீன்கள் அத்தனையும் சுவர்ப்பக்கக் கண்ணாடியில் போய் ஒட்டிக்கொண்டிருந்தன. ஒன்றன்மேல் ஒன்று ஏறி, செதில் உதிர, வாயைத் திறந்து திறந்து மூடியபடி. இரண்டாவது தொட்டியிலும் அப்படியே. ஐந்து தொட்டிகளிலும்.

வலைக்குப் பயப்படாதவை. கைக்குப் பயப்படாதவை. கத்திக்கும் பயப்படாதவை.

மேஜைப்பக்கம் இருந்து விலகி நின்றன.

அங்கே யாரும் இல்லை. காலி நாற்காலி மட்டும்.

ஐந்து நிமிடம் கழித்து மீன்கள் கலைந்து, ஒன்றுமே நடக்காததுபோல் நீந்தத் தொடங்கின. ஏதோ மோட்டார் அதிர்வு என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். வீட்டுக்குப் போகும் வழியில் ஒன்று உறைத்தது. அதிர்வு என்றால் கிணற்றுநீர் மீன்கள்தான் முதலில் மிரண்டிருக்க வேண்டும். தும்மினாலே ஓடும் அந்த மீன்கள் அந்த ஐந்து நிமிடமும் நிம்மதியாகப் பாசியைக் கொத்திக்கொண்டிருந்தன.

மறுநாளும் நாலு மணிக்கு அதேதான். அதற்கு மறுநாளும்.

நான்காம் நாள், பழைய அளவுகளைப் பார்க்கலாம் என்று பதிவேட்டைத் திறந்தாள். பதினொரு வருடப் பதிவு. ஒவ்வொரு பக்கத்திலும் தேதிவாரியாக ஒரே கையெழுத்து, சற்றே வலப்பக்கம் சாய்ந்தது. ஒவ்வொரு தேதிக்கும் நேரே இரண்டே சொற்கள்: மீன்கள் நலம். புரட்டிக்கொண்டே வந்தவள் கடைசிப் பக்கத்தில் நின்றாள்.

நேற்றைய தேதி. மீன்கள் நலம். அதே சாய்ந்த எழுத்து.

"தொட்டியம்மா, இத யாரு எழுதுறது? நீங்களா?"

தொட்டியம்மா கையிலிருந்த பிரஷை மெதுவாகக் கீழே வைத்தாள். "எனக்குக் கைநாட்டுதான் தெரியும். நான் எங்கம்மா எழுதுறது?"

"அப்ப யாரு?"

"மேலாளர்கிட்ட அப்பவே சொன்னேன். 'யாரு எழுதினா உனக்கென்ன, வேலை நடக்குதுல்ல'ன்னு சொல்லிட்டாரு. சம்பளம் வாங்காம வேலை செய்யிற ஒரே ஆளு, அவர ஏன் நிறுத்தணும்னு சிரிக்கிறாரு."

"எவர?"

தொட்டியம்மா நாற்காலியைப் பார்த்தாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "பழைய டாக்டர் அந்த நாற்காலியிலதான் போனாரு. நாலு மணிக்கு டீ கொண்டாந்தேன். மேஜையில தலை சாஞ்சிருக்கு, கையில பேனா. மாரடைப்புன்னுதான் நெனச்சோம். ஆஸ்பத்திரியில அறுத்துப் பாத்துட்டு, நெஞ்சு முழுக்கத் தண்ணின்னு சொன்னாங்க. மூழ்கித்தான் செத்தாராம்."

"இந்த அறையிலயா?"

"சட்டை மட்டும் சொட்டச் சொட்ட நனைஞ்சிருந்துச்சு. தரையில ஒரு பொட்டு ஈரம் இல்லம்மா."

அவள் படித்தவள். கேள்விப்பட்டதையெல்லாம் நம்பிவிடுகிறவள் இல்லை. மறுநாள் தொட்டியம்மாவை வெளியே அனுப்பி, கதவை உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டாள். பேனாவைத் தன் பைக்குள் வைத்தாள். பதிவேட்டை அன்றைய தேதிக்கு விரித்து வைத்து, நாற்காலியை இழுத்துப் போட்டு அதிலேயே உட்கார்ந்தாள்.

மணி மூன்று ஐம்பத்தெட்டு. தண்ணீர் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது. தொட்டிக் கண்ணாடியில் அவள் முகம் மங்கலாகத் தெரிந்தது. மீன்கள் அந்த முகத்துக்குள் புகுந்து புறப்பட்டுக்கொண்டிருந்தன.

நாலு.

டியூப்லைட் இரண்டும் ஒருசேர அணைந்தன.

சளக் என்றது முதல் தொட்டி. பிறகு இரண்டாவது. ஐந்தும். இருட்டில் கண்ணாடிமேல் உடம்புகள் மோதும் சத்தம், ஈரத்துணியை அடித்துத் துவைப்பதுபோல.

குளோரின் வாசனை திடீரென்று அடர்ந்தது. அது தொட்டிப்பக்கமிருந்து வரவில்லை. பின்கழுத்துக்குப் பின்னாலிருந்து வந்தது.

யாரோ மூச்சு விட்டார்கள். மூச்சுக்குள் தண்ணீர் கொப்பளித்தது.

அவள் அசையவில்லை. அசைய வேண்டும் என்றுதான் நினைத்தாள்.

அவள் தோளுக்கு மேலாக ஏதோ குனிந்தது. கன்னத்தில் ஒரு சொட்டு விழுந்தது, சில்லென்று. பிறகு, அவள் முகத்துக்கு ஒரு சாண் முன்னால், தாளில் பேனா கீறும் சத்தம். முதலில் மெதுவாக. பிறகு வேகமாக. பிறகு, கோபத்தில் எழுதுகிறவன்போல அழுத்தி அழுத்தி, தாள் கிழிய.

விளக்கு வந்தபோது அவள் மட்டும்தான் இருந்தாள்.

தாழ்ப்பாள் போட்டது போட்டபடி இருந்தது. பேனா அவள் பையிலேயே இருந்தது. பதிவேட்டில் மை காயவில்லை. "மீன்கள்" என்று எழுதி, அடுத்து "நோ" என்று தொடங்கி, அது அடிக்கப்பட்டிருந்தது. மறுபடி "நோ". மறுபடி அடித்தல். ஏழெட்டு முறை. ஓர் இடத்தில் தாளே ஓட்டையாகியிருந்தது. எல்லாவற்றுக்கும் கீழே, அலுத்துப்போன கையால் எழுதியதுபோல, சாய்ந்த எழுத்தில்: நலம்.

பயத்தோடு பயமாக அவளுக்கு அந்த மனிதர்மேல் இரக்கமும் வந்தது. நோய் என்று உண்மையை எழுத வருகிறார், தினமும். கை வரமாட்டேன் என்கிறது. பதினொரு வருடம் பழகிய கை.

அன்று இரவே அறிக்கை எழுத உட்கார்ந்தாள். செவுள், ஈரல், புண், ஆண் மீனுக்குள் முட்டை, பயம் தொலைந்த நடத்தை என்று ஒன்று விடாமல் பதினான்கு பக்கம். இந்த மீன்களை உண்பது குறித்து ஆராயும் வரை ஆற்றில் மீன்பிடிப்பை நிறுத்திவைக்க வேண்டும் என்று கடைசிப் பத்தியில் எழுதினாள். சொல்லாமல் செய்யக் கூடாதென்று அக்காவுக்குப் போன் போட்டாள்.

அக்கா போனை வைத்துவிட்டாள். மறுநாள் காலை பஸ் ஏறி வந்துவிட்டாள்.

கேட்டுக்கு வெளியே மரநிழலில் நின்றார்கள். அக்காவின் சேலையில் மீன் வாசனை. அக்காவின் மகளும் கூட வந்திருந்தாள், ஆறு மாத வயிற்றைத் தாங்கியபடி.

"எழுதிட்டியா?" என்றாள் அக்கா.

"எழுதிட்டேன். இன்னும் குடுக்கல."

"குடுக்காத."

"அக்கா, நீதான புண்ணு வருதுன்னு சொன்ன."

"சொன்னேன். சரி பண்ணுவேன்னு நெனச்சு சொன்னேன். ஊரக் கூட்டி தண்டோரா போடச் சொன்னனா?" அக்காவின் குரல் உயரவில்லை. "எங்க ஆத்து மீனு நோய் மீனுன்னு நீ கையெழுத்துப் போட்டுக் குடுத்தா, நாளைக்கு எவ வாங்குவா? அறுபது குடும்பம்டி. இந்தத் தண்ணிய நிறுத்துவாங்களா? மாட்டாங்க. எங்க வலையத்தான் நிறுத்துவாங்க."

அதுதான் நடக்கும் என்று தங்கைக்கும் தெரியும். கடைசிப் பத்தியில் அதைத்தானே எழுதியிருந்தாள்.

"புண்ணு வந்த மீன என்ன பண்றீங்க?" என்று கேட்டாள்.

"வெட்டிட்டு நல்ல பக்கத்த விக்கிறோம்."

"விக்காத மீன?"

அக்கா வேறு பக்கம் பார்த்தாள். மகள்தான் சொன்னாள், சிரித்துக்கொண்டே. "நாங்கதான் சித்தி சாப்பிடுறோம். வேற யாரு?"

போகும்போது அக்கா தங்கையின் கன்னத்தை ஒரு முறை தடவினாள். "உன்ன ஆளாக்கினது இந்த மீனுதான். ஞாபகம் வச்சுக்க" என்றாள். மிரட்டியிருந்தால் தாங்கியிருக்கலாம். அந்தத் தடவல்தான் அவளை உடைத்தது.

மேலாளரின் மேஜையில் வேறு அறிக்கை தயாராக இருந்தது. ஒரே பக்கம். "உங்களுக்கு எதுக்கு டாக்டர் சிரமம்னு நானே டைப் பண்ணி வச்சேன்" என்றார். "பழைய டாக்டரும் முதல் வருஷம் இப்படித்தான் ஒரு நாள் முழுக்க யோசிச்சாரு. அப்புறம் பழகிருச்சு."

அவள் பதினான்கு பக்கத்தையும் இரண்டாக மடித்துப் பைக்குள் போட்டுக்கொண்டு, ஒரு பக்கத்தில் கையெழுத்திட்டாள்.

சாமான்களை எடுக்க மீன் அறைக்கு வந்தபோது மணி மூன்றே முக்கால். ஒப்பந்தத்தில் இன்னும் இரண்டு மாதத்துக்கு மேல் மிச்சம் இருந்தது. போகிறேன் என்று சொல்லிவிட்டாள். மேலாளரும் தடுக்கவில்லை. வேண்டியது கிடைத்துவிட்டது. தொட்டியம்மா பாட்டில்களைக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தாள்.

நாலு மணி ஆனது. இருவரும் தொட்டிகளைப் பார்த்தார்கள்.

மீன்கள் நகரவில்லை. அங்கங்கே நின்று, பயமில்லாமல், வாயை அசைத்துக்கொண்டிருந்தன.

நாலு ஐந்து. நாலு பத்து. பதிவேட்டில் அன்றைய தேதிக்கு நேரே ஒன்றும் இல்லை.

"போயிட்டாரும்மா" என்றாள் தொட்டியம்மா, கிசுகிசுப்பாக. அவள் முகத்தில் ஐந்து மாதப் பாரம் இறங்கியது. "உங்ககிட்டப் பொறுப்ப விட்டுட்டுப் போயிட்டாரு போல."

டாக்டருக்கும் நெஞ்சு லேசானது. ஒரு மனிதராவது தப்பித்தாரே என்றிருந்தது.

ஆனால் தூக்கம் வரவில்லை. ஒரு வாரம் தாக்குப்பிடித்தாள். கண்ணை மூடினால் அக்கா மகளின் வயிறு, சிரிப்பு, "வேற யாரு?" என்ற அந்தக் குரல். ஊருக்குச் சொல்ல வேண்டாம். கையெழுத்தும் வேண்டாம். வயிற்றுப் பிள்ளைக்காரியிடம் மட்டும், வீட்டுக்குள் வைத்து, வாய்வார்த்தையாக, "இந்த மீனைச் சாப்பிடாதே" என்று சொல்லிவிட்டு வந்தால் போதும். அதை யார் தடுக்க முடியும்?

ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறினாள். கூட்டமே இல்லை. பக்கத்து இருக்கை காலி. மூன்று மணி நேரமும் சொல்ல வேண்டியதை மனத்துக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

வீட்டில் அப்போதுதான் சாப்பாடு எடுத்துவைத்துக்கொண்டிருந்தார்கள். அக்கா மகள் தட்டின் முன் உட்கார்ந்திருந்தாள். தட்டில் சோறும், பொரித்த ஆற்று மீன் இரண்டு துண்டும்.

"வாங்க சித்தி, சரியான நேரத்துக்கு வந்தீங்க."

அவள் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. நேரே போய் மகளின் எதிரே உட்கார்ந்தாள். வாயைத் திறந்தாள்.

தொண்டையில் தண்ணீர் ஏறியது.

இரும்பும் குளோரினும். அந்தச் சுவை அவளுக்குத் தெரியும். விழுங்கினாள், மறுபடி ஏறியது. "மீனு..." என்றாள். மகள் நிமிர்ந்து பார்த்தாள்.

"மீனு நல்லா இருக்கு. சாப்பிடு."

அவள் குரல்தான். அவள் சொல்லவில்லை.

மறுபடி முயன்றாள். நாக்கைக் கடித்துக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாக. "இந்த மீன... நல்ல மீனு. உடம்புக்கு நல்லது."

"நீங்களே சொல்லிட்டீங்க, அப்புறம் என்ன" என்று மகள் சிரித்துவிட்டு ஒரு துண்டைப் பிட்டாள்.

தட்டையாவது பிடுங்கிவிட வேண்டும் என்று கையை நீட்டினாள். கை போனது. தட்டின் விளிம்பைப் பிடித்தது. பிடித்து, மெதுவாக, அன்பாக, மகளின் பக்கம் இன்னும் கொஞ்சம் தள்ளி வைத்தது.

கண்ணில் தண்ணீர் வந்தது. மகள் அதைப் பாசம் என்று நினைத்துக்கொண்டாள்.

அக்கா அடுப்படியிலிருந்து இரண்டு தட்டுகளோடு வந்தாள். ஒன்றைத் தங்கையின் முன் வைத்துவிட்டு, இன்னொன்றைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள்.

"கூட வந்தவரு மீனு சாப்பிடுவாருல்ல?"

"யாரு?"

"பஸ்ஸ விட்டு உன் பின்னாலயே எறங்கி வந்தாரே. ஜன்னல்ல பாத்துட்டுத்தான் இருந்தேன். ஆபீஸ்காரரா? நீ பாட்டுக்கு உள்ள வந்துட்ட, மனுஷன் வாசல்லயே நிக்கிறாரு." அக்கா வாசல்பக்கம் எட்டிப் பார்த்து முகம் மலர்ந்தாள். "வாங்க சார், உள்ள வாங்க. பாவம், சட்டையெல்லாம் இப்படி நனைஞ்சிருக்கே. அங்க மழையா?"

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. வரும் வழியெல்லாம் வெயில் கொளுத்தியது.

பின்னால் தரையில் ஈரக்கால் வைக்கும் சத்தம் கேட்டது. ஒன்று. இரண்டு. மூன்று.

அக்கா மகள் தன் தட்டைச் சற்று நகர்த்தி, வயிற்றை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, சித்திக்குப் பக்கத்தில் இடம் விட்டாள்.

"உக்காருங்க சார்" என்றாள்.